முதுகலை வேதியியல்: சுங்கை சிப்புட் வாசகர்கள் கேட்டவை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவர்கள், படிக்கப்போகிறவர்கள், பிள்ளையைப் படிக்கவைக்கப்போகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். செம்பனை ஆலை ஆய்வகத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக எம்.எஸ்சி. படிக்கிறேன். குவாண்டம் பாடத்தில் ‘பெட்டிக்குள் துகள்’ கணக்கு வருகிறது. சூத்திரம் மனப்பாடமாகிவிட்டது, எதற்கு இதைப் போடுகிறோம் என்பதுதான் விளங்கவில்லை. என் வேலைக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

பதில்: நிறையவே உண்டு, தம்பி. ஆலையில் எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க டோபி சோதனை செய்வீர்கள். ஹெக்சேனில் கரைத்த எண்ணெயின் அப்சார்பன்ஸை (ஒளியை எவ்வளவு கவர்கிறது என்ற அளவை) 446 நானோமீட்டரில் ஒரு முறையும் 269 நானோமீட்டரில் ஒரு முறையும் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுப்பீர்கள். 446இல் தெரிவது கரோட்டின். 269இல் தெரிவது எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டதால் உண்டான பொருள்கள். கரோட்டின் அளவைக் கணக்கிடும்போது 383 என்ற எண்ணால் பெருக்குகிறீர்களே, அது எங்கிருந்து வந்தது என்று பார்த்திருக்கிறீர்களா? 100 மில்லிலிட்டரில் 1 கிராம் கரோட்டின் இருந்தால் 1 செ.மீ. குவெட்டில் அப்சார்பன்ஸ் 2610 என்று கொள்கிறார்கள். பத்து லட்சத்தை 2610ஆல் வகுங்கள், 383 வரும். செறிவு கூடினால் அப்சார்பன்ஸும் அதே விகிதத்தில் கூடும் என்ற பீர்-லம்பெர்ட் விதியைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை.

சரி, கரோட்டின் ஏன் 450 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியைக் கவர்கிறது? இங்கேதான் உங்கள் பெட்டி வருகிறது: மூலக்கூறின் சங்கிலியைப் பெட்டியாகவும், அதன் நெடுக ஓடும் பை எலெக்ட்ரானை உள்ளே அடைபட்ட துகளாகவும் வைத்துக்கொள்கிறோம். பீட்டா கரோட்டினில் 11 இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடர்கின்றன. ஆக 22 பை எலெக்ட்ரான்கள். ஒரு மட்டத்துக்கு இரண்டு எலெக்ட்ரான் என்றால் 11 மட்டங்கள் நிறையும். தாவல் 11ஆவது மட்டத்திலிருந்து 12ஆவதுக்கு. 22 கார்பன்களுக்கு நடுவே 21 பிணைப்புகள், ஒவ்வொன்றும் 0.140 நானோமீட்டர் என்று வைத்தால் பெட்டியின் நீளம் 2.94 நானோமீட்டர். ஆற்றல் வேறுபாட்டில் 12இன் வர்க்கத்திலிருந்து 11இன் வர்க்கம் போக 23 நிற்கும். அதைப் பிளாங்க் மாறிலியின் வர்க்கத்தால் பெருக்கி, எலெக்ட்ரான் நிறையின் 8 மடங்காலும் நீளத்தின் வர்க்கத்தாலும் வகுத்தால் கிட்டத்தட்ட 1 எலெக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். அலைநீளமாக மாற்றினால் 1240 நானோமீட்டர்.

அதாவது அகச்சிவப்பு. இந்தக் கணக்கை நம்பினால் செம்பனை எண்ணெய் சிவப்பாகவே இருக்கக் கூடாது.

பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்தில் “கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோம்” என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். கணக்கு சரிதான், மாதிரிதான் போதவில்லை. எல்லாப் பிணைப்பும் ஒரே நீளம், எலெக்ட்ரானுக்கு வழியெல்லாம் சமதளம் என்று மாதிரி வைத்துக்கொண்டது. உண்மையில் நீளப் பிணைப்பும் குட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதால் எலெக்ட்ரான் ஏற்ற இறக்கமான தளத்தில் ஓடுகிறது. நிறைந்த மட்டத்துக்கும் காலி மட்டத்துக்கும் நடுவே கூடுதலாக ஓர் இடைவெளி திறந்துகொள்கிறது. 1 எலெக்ட்ரான் வோல்ட் 2.75 ஆகிறது. பிணைப்பு நீளங்கள் ஏறக்குறைய சமமாக இருக்கும் சயனின் சாயங்களில் இதே மாதிரி எவ்வளவோ நன்றாகப் பொருந்துகிறது. முதுகலைத் தேர்வில் மதிப்பெண் இருப்பது 1240இல் இல்லை; அது ஏன் 450 ஆகவில்லை என்று நீங்கள் எழுதும் நான்கு வரியில்தான்.

வழக்கமாகத் தவறு நடக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். நீளத்தை மீட்டருக்கு மாற்றும்போது பத்து மடங்கு பிசகினால், வர்க்கமாகி விடை நூறு மடங்கு பிசகும். 22 எலெக்ட்ரான் என்றதும் 22ஆவது மட்டத்திலிருந்து தாவல் என்று எழுதுவது இன்னொன்று. விடை வந்ததும் 1240ஐ எலெக்ட்ரான் வோல்ட்டால் வகுத்து நானோமீட்டரைச் சரிபாருங்கள். பத்து விநாடி வேலை.

கணிதத்தில் பலவீனம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முழுக் கணிதத்தையும் திரும்பப் படிக்கக் கிளம்பாதீர்கள், ஷிஃப்ட் வேலையோடு அது நடக்காது. அணிக்கோவை, ஐகன் மதிப்பு, மாறிகளைப் பிரித்துத் தீர்க்கும் வகைக்கெழுச் சமன்பாடு, சிக்கலெண். முதல் செமஸ்டருக்கு இவை போதும். பை எலெக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்களைக் கணிக்கும் ஹக்கல் முறையைப் பியூட்டாடையீனுக்கு ஒரு முறை கையாலேயே போட்டுப் பாருங்கள். பீட்டாவின் (அடுத்தடுத்த கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பு ஆற்றலைக் குறிக்கும் மாறிலியின்) கெழுக்கள் கூட்டல் கழித்தல் 1.618, கூட்டல் கழித்தல் 0.618 என்று வர வேண்டும்; தனித்தனியான இரண்டு எத்திலீனைவிட 0.472 பீட்டா நிலைப்பு கூடுதல். இது கைக்கு வந்துவிட்டால் கணினி நிரல் தரும் எண்ணையும் சந்தேகப்படத் தெரிந்துவிடும்.

கேள்வி: செம்பனைக் கொட்டை ஓட்டிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்து, அதைக் கொண்டு மெத்திலீன் நீலத்தை நீரிலிருந்து அகற்றுவது என் ஆய்வு. கவரும் வேகத்தைக் கணிக்கும் போலி இரண்டாம் படி மாதிரிக்கு ஆர் வர்க்கம் (பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.999 வந்திருக்கிறது. ஆனால் கிப்ஸ் ஆற்றல் நேர்க்குறியாக வருகிறது. “தானாக நடக்காத வினையா இது, கண்ணெதிரே சாயம் போகிறதே” என்று கேட்டுச் சூப்பர்வைசர் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே பிழை?

பதில்: தங்கச்சி, இதே ஆய்வைப் பற்றி மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன, மூன்றிலும் இதே இரண்டு கோளாறுகள். முதலில் குறியைப் பார்ப்போம்.

லாங்மியூர் மாறிலியை (சாயம் கரியில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதன் அளவை) நீங்கள் மில்லிகிராமுக்கு லிட்டர் என்ற அலகிலேயே மடக்கைக்குள் போட்டிருக்கிறீர்கள். மடக்கைக்குள் அலகு உள்ள எண் போகக் கூடாது. உங்கள் மாறிலி 0.10. அப்படியே போட்டால் 25 பாகையில் கூட்டல் 5.7 கிலோஜூல் வருகிறது. அதை மோலுக்கு லிட்டராக மாற்றுங்கள்: 1000ஆல் பெருக்கி, மெத்திலீன் நீலத்தின் மோலார் நிறை 319.85ஆலும் பெருக்குங்கள். 31,985 ஆகும். திட்டச் செறிவு லிட்டருக்கு 1 மோல் என்று வைத்து அலகை நீக்கிவிட்டு மடக்கை எடுத்தால் 10.37. கிப்ஸ் ஆற்றல் கழித்தல் 25.7 கிலோஜூல். அளந்ததெல்லாம் அதேதான், குறி மட்டும் தலைகீழாகிவிட்டது. அச்சில் வந்த கட்டுரைகளிலேயே இந்தப் பிழை ஏராளம். “அந்தக் கட்டுரையில் இப்படித்தான் செய்திருந்தார்கள்” என்பது வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எடுபடாது.

அடுத்து அந்த 0.999. நேரத்தைக் கவர்ந்த அளவால் வகுத்து, அதை மறுபடியும் நேரத்துக்கு எதிராகவே வரைகிறீர்கள். சமநிலை வந்தபின் கவர்ந்த அளவு மாறுவதில்லை. அதற்குப் பிறகு எடுத்த புள்ளிகளெல்லாம் நேர்கோட்டில் விழுந்தே தீரும். 3 மணி நேரத்தில் சமநிலை வந்த வினைக்கு 24 மணி வரை புள்ளி எடுத்தால் எந்தக் கரிக்கும் 0.99 வரும். அது உங்கள் கரியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சமநிலையை எட்டுவதற்கு முந்திய புள்ளிகளை அதிகமாக எடுங்கள்: 1, 2, 5, 10, 15, 20, 30, 45, 60 நிமிடம் என்று. நேர்கோடாக மாற்றாமல், எக்செல்லில் உள்ள சால்வரைக் கொண்டு வளைகோட்டையே பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியும் வளைகோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று தனியாக வரையுங்கள். விலகல்கள் மேலும் கீழும் சிதறியிருந்தால் சரி. ஒரு பக்கமாக வளைந்து போனால் மாதிரி பொருந்தவில்லை. இன்னொன்று, இரண்டாம் படி பொருந்திவிட்டது என்பதற்காக “வேதியியல் கவர்ச்சி நடந்தது” என்று எழுதாதீர்கள். வேக மாதிரி பொருந்துவது பிணைப்பின் வகைக்குச் சாட்சியாகாது.

இனி மேசை வேலை. மெத்திலீன் நீலம் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வடிதாளில் வடித்தால் தாள் நீலமாவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீலமும் கரி கவர்ந்த கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வடிக்க வேண்டாம், சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். கரி போடாமல் சாயம் மட்டும் உள்ள ஒரு குடுவையை மற்றவற்றோடு சேர்த்துக் குலுக்குங்கள். அதில் குறைவது கண்ணாடியில் ஒட்டியது. 664 நானோமீட்டரில் அளவீட்டுக் கோட்டை லிட்டருக்கு 5 மில்லிகிராம் வாக்கிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சாய மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, 610 பக்கத்துத் தோள் உயர்ந்து, கோடு வளையத் தொடங்கும். அடர்த்தியான மாதிரியை நீர்த்து அளக்க வேண்டும், நீர்த்த மடங்கைக் குறிப்பேட்டில் அங்கேயே எழுதிவிட வேண்டும்.

கரியின் அளவு இன்னும் முக்கியம். 100 மில்லிலிட்டரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம், 0.05 கிராம் கரி, கடைசியில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் மிச்சம் என்றால் கிராமுக்கு 160 மில்லிகிராம் கவர்ந்திருக்கிறது, நல்ல புள்ளி. கரியை அள்ளிப் போட்டு 99.9 விழுக்காடு அகற்றினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மிச்சச் செறிவு கருவியின் இரைச்சலுக்குள் போய்விடும். சமவெப்பக் கோட்டுக்கு (ஒரே வெப்பநிலையில் மிச்சச் செறிவுக்கு எதிராகக் கவர்ந்த அளவை வரைவதற்கு) உதவாது. மறுகோடியும் ஆபத்துதான். தொடக்கம் 100, முடிவு 96, இரண்டிலும் பிழை 2 என்று வையுங்கள். வேறுபாடு 4, அதன் பிழை 2.8. அந்தப் புள்ளியை வைத்து என்ன முடிவு செய்ய முடியும்?

கரியைக் கழுவும்போது கழுவிய நீரின் பி.எச். நடுநிலைக்கு வந்து அப்படியே நிற்கும்வரை கழுவுங்கள். பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறிய கரி அவசரப்பட்டால் நாள்கணக்கில் அமிலத்தைக் கசியவிடும், உங்கள் பி.எச். ஆய்வு முழுதும் வீணாகும். கரியின் பரப்பு எந்தப் பி.எச்.சில் மின்சுமையற்று இருக்கிறது என்பதையும் கண்டுபிடியுங்கள். 0.01 மோலார் சோடியம் குளோரைடை 50 மில்லிலிட்டர் வீதம் பல குடுவைகளில் எடுத்து, பி.எச். 2 முதல் 12 வரை வைத்து, ஒவ்வொன்றிலும் 0.15 கிராம் கரி போட்டு மூடி, 48 மணி நேரம் குலுக்கி மறுபடி அளக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்கும் இடமே அந்தப் புள்ளி. அதற்கு மேல் பரப்பு எதிர்மின் சுமை கொள்ளும். நேர்மின் சாயமான மெத்திலீன் நீலம் நன்றாக ஒட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறோம். முன்னுரையில் “செம்பனை ஆலைக் கழிவுநீர்ப் பிரச்சினைக்குத் தீர்வு” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆலைக் கழிவில் மெத்திலீன் நீலம் எங்கே இருக்கிறது? குளங்களில் சுத்திகரித்த பிறகும் போகாத அந்தப் பழுப்பு நிறம் லிக்னின், டானின் போன்ற பெரிய மூலக்கூறுகளால் வருவது. பெரும்பாலும் எதிர்மின் சுமை கொண்டவை. மெத்திலீன் நீலத்தை இழுக்கும் கரி இவற்றைத் தள்ளிவிடவும் கூடும். புதிய கழிவுநீரின் பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் ஆறுகளில் விடும்போது 100க்கு இறங்க வேண்டும், இடத்தைப் பொறுத்து இன்னும் குறைவாகவும் கேட்பார்கள். நம் நாட்டில் இந்தச் சோதனை 30 பாகையில் 3 நாள். வெளிநாட்டுக் கட்டுரைகளில் வரும் 20 பாகை, 5 நாள் எண்ணோடு நேரே ஒப்பிட வேண்டாம். பக்கத்து ஆலையில் கடைசிக் குளத்து நீர் ஒரு போத்தல் அனுமதியோடு கிடைத்தால், ஓர் அத்தியாயம் அதில் செய்யுங்கள். அந்த ஓர் அத்தியாயம்தான் உங்கள் ஆய்வேட்டை அலமாரியில் உள்ள மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும்.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. முடித்திருக்கிறாள். முதுகலையைப் பாடமுறையில் எடுப்பதா, ஆய்வுமுறையில் எடுப்பதா? வேலைக்கு எது நல்லது?

பதில்: அம்மா, பிஎச்.டி. எண்ணம் இருந்தால் ஆய்வுமுறை. தரக்கட்டுப்பாட்டு ஆய்வக வேலைதான் நோக்கம் என்றால் இரண்டுமே கட்டாயமில்லை, அங்கீகரிக்கப்பட்ட இளங்கலையே போதும். வேதியியலாளராகத் தொழில் செய்ய 1975ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டத்தின்கீழ் மலேசிய வேதியியல் கழகத்தில், அதாவது ஐ.கே.எம்.மில், பதிவு வேண்டும். மகளின் இளங்கலை அதற்கு ஏற்றதா என்பதை முதலில் விசாரியுங்கள், முதுகலை வாங்கி அந்தக் குறையை அடைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பாடமுறைக்குக் குறைந்தது 40 கிரெடிட். ஆய்வுமுறையில் எல்லாம் மேற்பார்வையாளரைப் பொறுத்தது: பணம் கட்டுவதற்கு முன் அவருடைய பழைய மாணவர்கள் எத்தனை பருவத்தில் முடித்தார்கள், ரசாயனச் செலவு யாருடையது என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதென்றால், கருவிகளை அலுவலக நேரத்தில் மட்டும்தான் தருவார்களா என்பதையும் கேளுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து பினாங்குக்கோ கம்பாருக்கோ போய்வருபவர்கள் சிக்கிக்கொள்வது அதில்தான்.

கேள்வி: என்.எம்.ஆர். வரைபடத்தைக் கொடுத்து மூலக்கூற்றைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. என் சொந்த மாதிரியிலும் தேவையில்லாத சிகரங்கள் வருகின்றன.

பதில்: சிகரத்திலிருந்து தொடங்காதீர்கள், மூலக்கூற்று வாய்பாட்டிலிருந்து தொடங்குங்கள். 9 கார்பன், 10 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் என்று வையுங்கள். நிறைவுறாமை (வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்ந்த எண்ணிக்கை) 5. பென்சீன் வளையத்துக்கு 4, கார்போனைலுக்கு 1. கணக்கு தீர்ந்தது, வேறு வளையத்துக்கு இடமில்லை. இப்போது புரோட்டான் வரைபடம். 4.38 பி.பி.எம்.மில் (வரைபடத்தின் அடி அளவுகோலில்) நான்காகப் பிளந்த 2 ஹைட்ரஜன், 1.40இல் மூன்றாகப் பிளந்த 3 ஹைட்ரஜன், 8.05இல் 2, 7.4 முதல் 7.6க்குள் 3 என்றால் எத்தில் பென்சோயேட். அதே வாய்பாட்டில் 7.35இல் 5 ஹைட்ரஜன் கும்பலாகவும், 5.10இல் பிளவில்லாமல் 2, 2.10இல் பிளவில்லாமல் 3 என்றும் வந்தால் பென்சில் அசிட்டேட். கார்பன் வரைபடத்தில் முன்னதன் கார்போனைல் 166 பக்கம், பின்னது 171 பக்கம். பரப்பளவு, பிளவு, இடம் மூன்றும் ஒத்துவந்தால்தான் விடை. இரண்டு ஒத்து ஒன்று ஒத்துவராவிட்டால் விடை வேறு.

உங்கள் மாதிரியில் வரும் 4.12, 2.05, 1.26 மூன்றும் எத்தில் அசிட்டேட். பொருளைப் பிரிக்கும் ‘காலம்’ என்னும் சிலிக்காக் குழாயிலிருந்து வந்து, போகாமல் தங்கியது. டியூட்டரோ குளோரோஃபார்மில் 7.26 கரைப்பானுடையது, 1.56 நீர், 2.17 அசிட்டோன் (குழாயைக் கழுவிவிட்டுக் காயவைக்காததன் அடையாளம்). இன்னொரு கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ.வில் கரைப்பான் 2.50, நீர் 3.33. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் திறந்துவைத்த டி.எம்.எஸ்.ஓ. போத்தலில் அந்த 3.33 மலைபோல எழுந்து பக்கத்துச் சிகரங்களை விழுங்கிவிடும். புரோட்டானுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், கார்பனுக்கு 20 முதல் 50 மில்லிகிராம், கரைப்பான் 0.6 மில்லிலிட்டர். கரையாத தூசி மிதந்தால் கோடுகள் தடித்துவிடும். பாஸ்டர் பிப்பெட்டில் கொஞ்சம் பஞ்சு அடைத்து அதன்வழியே குழாயில் விடுங்கள். இடம் மாறித் திரியும் ஓர் அகன்ற சிகரம் ஓ.எச்.தானா என்று தெரிய, கனநீர் ஒரு துளி விட்டுக் குலுக்கி மறுபடி எடுத்துப் பாருங்கள், மறைந்தால் ஓ.எச். அல்லது என்.எச்.

கேள்வி: குரூப் தியரியில் நீரின் அதிர்வுகளைச் சமச்சீர் வகைகளாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது. எனக்கு பி1, நண்பருக்கு பி2. யார் சரி?

பதில்: இருவருமே சரியாக இருக்கலாம். மூலக்கூறு எந்தத் தளத்தில் கிடக்கிறது என்று எழுதாமல் தொடங்கியதுதான் குழப்பம். ஒய்-இசட் தளத்தில் வைத்தோம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இடம் பெயராத அணுக்களை மட்டும் எண்ணுங்கள்: ஒன்றும் செய்யாதபோது 3, சுழற்சியில் ஆக்சிஜன் மட்டும் 1, செங்குத்துத் தளத்தில் 1, மூலக்கூற்றுத் தளத்தில் 3. பெருக்க வேண்டியவை முறையே 3, கழித்தல் 1, 1, 1. ஆக 9, கழித்தல் 1, 1, 3. கேரக்டர் டேபிளோடு பெருக்கிக் கூட்டி 4ஆல் வகுத்தால் 3 ஏ1, 1 ஏ2, 2 பி1, 3 பி2. மொத்தம் 9 இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பெயர்ச்சிக்கும் சுழற்சிக்கும் 6 போக மிச்சம் 2 ஏ1, 1 பி2. மூன்றும் ஐ.ஆரிலும் ராமனிலும் தெரியும். அலை எண்கள் 3657, 1595, 3756. வகுத்து வரும் எண் பின்னமாக இருந்தால், பெயர்ந்துபோன அணுவை எண்ணியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஏர்கோன் பாதி நாள் வேலை செய்வதில்லை. காலம் ஓட்டும்போது சிலிக்கா நடுவில் வெடித்துப் பிளக்கிறது. சிலிக்கா பூசிய தட்டில் பார்த்த ஆர்.எஃப்.பும் (கரைப்பான் ஏறிய தூரத்தில் புள்ளி ஏறிய பங்கும்) நாளுக்கு நாள் மாறுகிறது.

பதில்: டைகுளோரோமீத்தேன் 40 பாகையில் கொதிக்கும், டைஎத்தில் ஈதர் 35இல். வெயில் நேரத்தில் ஏர்கோன் இல்லாத அறையில் இவை காலத்துக்குள்ளேயே ஆவியாகிக் குமிழ் விடும், பிளவு அதனால்தான். ஹெக்சேன் 69, எத்தில் அசிட்டேட் 77. இந்தக் கலவைக்கு மாறுங்கள். சிலிக்காவில் கரைப்பான் முதன்முதலில் படும்போதும் சூடு கிளம்பும். ஆகவே உலர்ந்த சிலிக்காவைக் காலத்தில் கொட்டிவிட்டு மேலே கரைப்பான் ஊற்றாதீர்கள்; ஃபியூம் கப்போர்டுக்குள் பீக்கரில் குழைத்து, குமிழ் அடங்கி ஆறிய பிறகு ஊற்றுங்கள். 1 கிராம் கலவைக்கு 30 முதல் 50 கிராம் சிலிக்கா, 230-400 மெஷ். மேலே 1 செ.மீ. மணல். கரைப்பான் மட்டம் மணலுக்குக் கீழே ஒரு தடவைகூட இறங்கக் கூடாது. வேண்டிய பொருள் தட்டில் 0.25 முதல் 0.35க்குள் நிற்கும் கலவையைத் தேர்ந்தெடுங்கள்.

ஆர்.எஃப். மாறுவது ஈரத்தால். திறந்து கிடக்கும் தட்டு காற்றிலிருந்து நீரை உறிஞ்சும், சிலிக்காவின் பிடி தளரும், எல்லாப் புள்ளிகளும் மேலே ஏறிவிடும். தட்டுகளை 110 பாகையில் அரை மணி நேரம் சூடேற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்துங்கள். மூலப்பொருளையும் அதே தட்டில் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து ஓட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் கோளாறு தட்டில், வினையில் அல்ல.